மறதிநோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் நிறம், வெளிச்சம், கைவேலை: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அம்மாவுக்கு மறதிநோய் (டிமென்ஷியா) என்று வைத்தியர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க நான் அவரைச் சோதித்துக்கொண்டே இருந்தேன். "நான் ஆரம்மா?", "இண்டைக்கு என்ன கிழமை?", "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்பேன். அவர் பதில் தெரியாமல் முந்தானையைப் பிடித்து முறுக்குவார். எனக்கு அழுகை வரும். இரண்டு பேரும் களைத்துப்போனோம்.

இரண்டாம் வருடம்தான் வீட்டை மாற்றத் தொடங்கினோம். பெயின்ட், பல்ப், சாப்பாட்டுக் கோப்பை, துணித் துண்டு, பழைய படங்கள், அவ்வளவுதான். இவை நோயைக் குணப்படுத்தாது. குணப்படுத்தும் என்று எண்ணெய், லேகியம் விற்க வருபவர்களை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். ஆனால் விழுவது குறைந்தது, சாப்பாடு கூடியது, பின்னேரங்களில் அழுவது குறைந்தது. நான் ஒரு வருடத்தை வீணாக்கிப் படித்ததை நீங்கள் சில மாதத்தில் செய்து முடிக்கலாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

1. பெயின்ட் வாங்க முதல் வைத்தியரிடம் போங்கள்

எல்லா மறதியும் மறதிநோய் இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மன அழுத்தம், தலையில் பட்ட பழைய அடி, சிறுநீர்க் கிருமித்தொற்று போன்றவையும் முதியவரைக் குழப்பிவிடும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஒன்றிரண்டு நாளிலேயே ஆள் திடீரென்று மாறிப்போனால் அதை "வயசு" என்று விடாமல் உடனே கொண்டுபோங்கள்.

யாழ் போதனா வைத்தியசாலையோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையோ, கிளினிக் இலவசம்தான், செலவாவது நேரம். எங்களுக்கு முதல் வருகையிலிருந்து நோய் இதுதான் என்று சொல்லும்வரை மூன்று மாதம் எடுத்தது. இரத்தப் பரிசோதனையில் இரண்டை வெளியே எடுக்கச் சொன்னார்கள், 6,000 ரூபா அளவில் ஆனது. கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பிகள், இப்போது குடிக்கும் எல்லா மருந்தும் (பெயர் எழுதிய துண்டு போதாது, பெட்டியோடு கொண்டுபோங்கள்), பிறகு என்னென்ன மாற்றம் எந்த மாதத்தில் தொடங்கியது என்று எழுதிய ஒரு தாள். இந்தத் தாள் இல்லாமல் போன முதல் நாள் நான் வைத்தியருக்கு முன்னால் தடுமாறினேன்.

கிளினிக்கில் மணிக்கூடு ஒன்று வரையச் சொல்வார்கள். அம்மா வட்டம் ஒழுங்காகப் போட்டார். பன்னிரண்டு இலக்கத்தையும் வலது பக்கத்திலேயே அடுக்கிவிட்டார். வரைந்து முடித்து என் முகத்தைப் பார்த்தார், பிழை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது வைத்தியருக்குத் தேவையான சோதனை. வீட்டில் அதைச் செய்து பார்க்காதீர்கள். கீழே சொல்லப்போகும் வரைதலுக்கும் ஒட்டுதலுக்கும் சரி பிழை கிடையாது.

கிளினிக் கொப்பி கையில் வந்தபின் செய்ய வேண்டிய இன்னொன்று, பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை. 60 வயது கடந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள், சில வரிசைகளில் முன்னுரிமை கிடைக்கும். எங்களிடம் கேட்டவை அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, படம், விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல். விதானையாரைப் பார்க்கும் நாளை முதலே கேட்டுக்கொண்டு போங்கள், நான் இரண்டு தரம் சும்மா போய்த் திரும்பினேன். வங்கிக் கையெழுத்து, காணி உறுதி போன்ற அலுவல்களையும் அவருக்கு விளக்கம் இருக்கும்போதே நொத்தாரிசிடம் கேட்டு முடியுங்கள். பிந்தினால் கையெழுத்தே மாறிப்போகும்.

2. மூன்று நாள் எதையும் மாற்றாமல் பாருங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, அவர் எங்கே தயங்கி நிற்கிறார், எந்த நேரம் அழுகிறார், எதைத் தடவுகிறார் என்று மட்டும் எழுதுங்கள். செலவு எதுவும் இல்லை. இதைத் தவிர்த்துவிட்டுக் கடைக்குப் போனால் தேவையில்லாததையெல்லாம் வாங்குவீர்கள்.

எங்கள் கொப்பியில் முதல் நாளே எழுதியது இது: அம்மா குளியலறை வாசலில் நிற்கிறார், உள்ளே போக மறுக்கிறார். நான் பல மாதமாக அதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அன்று இழுக்காமல் பக்கத்தில் நின்று கேட்டேன். "இஞ்சை கிணறு கிடக்கு பிள்ளை, விழுந்திடுவன்" என்றார். அவர் காட்டியது கால் துடைக்கிற கறுப்பு மிதியடியை. வெள்ளை மாபிள் நிலத்தில் கறுப்புச் சதுரம் அவருக்குக் குழியாகத் தெரிந்திருக்கிறது. மிதியடியை எடுத்தேன். உள்ளே போனார். அவரை இழுத்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் தாங்காது.

3. நிலமும் வெளிச்சமும்

இந்த நோயில் கண் நல்லாக இருந்தாலும் கண்டதை மூளை பிரித்தறிவது குறைகிறது. கறுப்புத் துண்டு குழியாகத் தெரியும். மினுங்கும் மாபிள் தண்ணீராகத் தெரியும். பூப்போட்ட கம்பளத்தில் பூப் பொறுக்கக் குனிந்து விழுவார்கள். ஆகவே நிலம் ஒரே நிறமாக, மினுக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். மாபிளை உடைத்து மாற்றத் தேவையில்லை. மினுக்கும் மெழுகுத் திரவம் போட்டுத் துடைப்பதை நிறுத்துங்கள். மிதியடி வேண்டுமென்றால் நிலத்தின் நிறத்துக்குக் கிட்டிய நிறத்தில், வழுக்காத அடிப்பக்கம் உள்ளதாக வாங்குங்கள். எனக்கு 750 ரூபா.

படிக்கட்டில் மட்டும் இதற்கு எதிர்மாறு. விறாந்தைப் படியின் விளிம்பு அவருக்குத் தெரியவே வேண்டும். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் மஞ்சள் பெயின்டில் இரண்டு அங்குலப் பட்டை அடித்தோம். எல்லாப் படிக்கும் அடியுங்கள். ஒன்றுக்கு விட்டுவிட்டால் அந்தப் படியில்தான் விழுவார்.

வெளிச்சம் பற்றி: 60 வயதுக் கண்ணின் உள்ளே போகும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்குப் போதும் என்று தெரியும் அறை அவருக்கு இருட்டு. நாங்கள் படுக்கை அறை, நடை, குசினி, குளியலறை, விறாந்தை என்று ஐந்து இடத்தில் எல்ஈடி பல்ப் மாற்றினோம், 3,000 ரூபா. பல்ப் கண்ணில் நேரே குத்தாமல் மூடி போடுங்கள், நிழல் விழும் மூலைகளைப் பாருங்கள். கதிரையின் நிழலைக் கண்டு அம்மா "ஆரோ குந்தியிருக்கினம்" என்று பயந்தது உண்டு.

பின்னேரம் ஐந்தரைக்கே, வெளியே மங்க முதல், எல்லா லைட்டையும் போட்டு யன்னல் திரையை மூடுங்கள். இருட்டினால் யன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஆகி, அதில் தெரியும் தன் உருவத்தையே வேற்றாள் என்று நினைப்பார்கள். "வீட்ட போவம், வீட்ட போவம்" என்று அம்மா அழுவது அந்த நேரம்தான். அலுமாரிக் கண்ணாடியையும் ஒரு துணியால் மூடினோம். கரண்ட் போகும் நாட்களுக்கு சார்ஜ் லைட் ஒன்றை எப்போதும் நிரப்பி வையுங்கள்.

4. கதவு, கிணறு, படலை

கட்டிலில் இருந்து பார்த்தால் மலசலகூடக் கதவு தெரிய வேண்டும். அதற்காகக் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அந்தக் கதவுக்கு மட்டும் கடும் மஞ்சள் பெயின்ட் அடித்தோம், மற்றக் கதவுகள் பழைய நிறத்திலேயே இருக்கட்டும். வயதான கண்ணுக்கு நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும், சிவப்பும் மஞ்சளும் எளிதாகப் பிடிபடும். பெயின்டும் தூரிகையும் 1,700 ரூபா, அடித்தது நானே.

கதவில் படமும் எழுத்தும் சேர்த்து ஒட்டுங்கள். கடையில் விற்கும் கோட்டுருவப் படம் அம்மாவுக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டுக் கொமட்டையே படம் எடுத்து, கீழே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியபின் விளங்கியது. ஒட்டும் உயரம் நிலத்திலிருந்து நாலு அடி. முதியவர்கள் குனிந்தே நடப்பதால் உங்கள் கண் மட்டத்தில் ஒட்டினால் காண மாட்டார்கள். லேமினேட் செய்வதென்றால் மினுக்கம் இல்லாததாகக் கேளுங்கள். வெள்ளை நிலத்தில் வெள்ளைக் கொமட் இருந்தால் அதன் இருக்கையை நிற இருக்கையாக மாற்றுங்கள். எங்களுக்கு 4,500 ரூபா. பிடிகம்பி இரண்டும் மேசன் கூலியும் 7,500.

கிணறு இருக்கும் வீடென்றால் இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றுக்கும் முதல் அதைச் செய்யுங்கள். கட்டு உயரமாக இருக்கிறது என்று விடாதீர்கள். எங்கள் கிணற்றுக்கு வெல்டிங் கடையில் இரும்பு வலை மூடி அடித்துப் பூட்டுப் போட 30,000 ரூபா ஆனது, அளவெடுத்துப் பத்து நாளில் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து நாளும் எங்களில் ஒருவர் மாறி ஒருவர் விழித்திருந்தோம்.

படலையை அவர் கண்ணில் படாமல் மறைக்கலாம். வேலியின் நிறமே படலைக்கும் அடித்தால் அதைத் தேடிப் போவது குறையும். ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போகாதீர்கள், தீப்பிடித்தால் என்ன செய்வார்? அதோடு, அவர் போடும் சோட்டியின் உட்கரையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை நூலால் தைத்து வையுங்கள். இலக்கம் எழுதிய அட்டையைக் கழற்றி எறிந்துவிடுவார், தையல் இருக்கும். தப்பித் தவறிக் காணாமல் போனால் நேரம் கடத்தாமல் பொலிஸின் 119 இலக்கத்துக்கு அடியுங்கள். சமீபத்தில் எடுத்த முழு உருவப் படம் ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும்.

5. கோப்பை

2004 இல் அமெரிக்காவின் பாஸ்டனில் நோய் முற்றிய சிலருக்கு வெள்ளைக் கோப்பைக்கும் குவளைக்கும் பதில் கடும் சிவப்புக் கோப்பையிலும் குவளையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். உண்டது சராசரியாக 25 வீதமும் குடித்தது 84 வீதமும் கூடியது. சிறிய ஆய்வுதான். அதை வாசித்துவிட்டுச் சிவப்புக் கோப்பை வாங்கினேன், அம்மா தொடவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது: எங்கள் வீட்டில் சிவப்பரிசிச் சோறு. சோறும் கோப்பையும் கலந்து தெரிந்திருக்கிறது. கடும் நீலக் கோப்பையில் சிவப்பரிசியும் தெரிகிறது, இடியப்பமும் தெரிகிறது. பூப்போட்டது வேண்டாம். இரண்டு கோப்பை 900 ரூபா.

6. படங்கள்

1995 இடப்பெயர்வில் எங்கள் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. இங்கே பல வீடுகளில் இதே கதைதான். ஆனால் தேடினால் கிடைக்கும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரரிடம் உங்கள் வீட்டுக் கலியாணப் படம் ஒன்றாவது இருக்கும். கேட்கும்போது, வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெரிதாக்கும்போது உடையும். எல்லாம் வந்து சேர ஆறு வாரம் எடுத்தது. ஸ்டூடியோவில் ஏ4 அளவில், மினுக்கம் இல்லாத தாளில் பன்னிரண்டு படம் அடிக்க 3,000 ரூபா. மூலப் படத்தைக் கையில் கொடுக்காதீர்கள், கிழிக்கக்கூடும்.

எந்தப் படம் என்பதில்தான் நிறையப்பேர் பிழை விடுகிறார்கள். பேரப்பிள்ளைகளின் புதுப் படத்தை மாட்டுவார்கள், அவர் அவர்களை அடையாளம் காணாமல் தவிப்பார். மனிதருக்கு நீண்ட நாள் நிற்பது பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகள். ஆகவே அவர் இளமைக் காலத்துப் படங்களைத் தேடுங்கள். ஆட்களின் படம் கிடைக்காவிட்டால் இடங்களின் படம் போதும்: கசூரினாக் கடற்கரை, நல்லூர்த் தேர், யாழ்தேவி, பொதுசன நூலகம்.

போரில் பறிகொடுத்தவர்களின் படத்தை வைப்பதா என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். எங்கள் சுவரில் மாலை போட்ட தம்பியின் படம் இருந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாகக் கண்டு, ஒவ்வொரு நாளும் புதிதாக அழுதார். சாமியறைக்குள் மாற்றினோம். மாலை இல்லாத, சைக்கிளோடு நிற்கும் பழைய படம் ஒன்றை அல்பத்தில் வைத்தோம். அதைப் பார்த்து "பள்ளிக்கூடம் விட்டு வாறான்" என்பார். நான் திருத்துவதில்லை.

7. கைவேலை

அம்மா முப்பது வருடம் வீட்டில் சட்டை தைத்துக் கொடுத்தவர். நான் முதலில் வாங்கிக் கொடுத்தது பிள்ளைகளுக்கான நிறந்தீட்டும் புத்தகம், முயலும் கரடியும் போட்டது. அதைத் தள்ளிவிட்டார். தள்ளியது சரிதான். 79 வயதுப் பெண்ணிடம் முயல் படத்தை நீட்டினால் அவர் மானம் என்ன ஆவது?

பிறகு தையல்கடையில் வெட்டுத் துண்டு கேட்டேன், ஒரு பை நிறையச் சும்மா தந்தார்கள். மேசையில் கொட்டிவிட்டு நான் பாட்டுக்கு நிறம் பிரிக்கத் தொடங்கினேன், அவரைக் கூப்பிடவில்லை. சிறிது நேரத்தில் கதிரையை இழுத்து இருந்தார். ஒரு துண்டை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டினார். "வொயில்," என்றார். "கரை பிரியும், மடிச்சுத் தைக்கோணும்." என் பெயர் அன்று அவருக்குத் தெரியாது. விரல் மறக்கவில்லை.

ஆகவே முதலில் அவர் கை என்ன செய்து பழகியது என்று யோசியுங்கள். தோட்டக்காரராக இருந்தவருக்கு விதை பிரிக்கவும் சாடியில் மண் நிரப்பவும் கொடுங்கள். தச்சு வேலை செய்தவருக்கு மரத்துண்டும் அரத்தாளும். ஓலை பின்னியவருக்குச் சார்வோலை, முதலில் நீங்கள் நாலு வரி பின்னித் தொடக்கிக் கொடுங்கள். கோலம் போட்டவருக்கு அரிசிமா, இருந்தபடியே மேசையில் கறுப்புத் தாளில் போடட்டும்.

செய்யும் முறை:

காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு, ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் வையுங்கள். பின்னேரம் வேண்டாம். இருபது நிமிடம் போதும், அவர் எழுந்தால் விட்டுவிடுங்கள். ஒரே மேசை, ஒரே இடம், ஒற்றை நிற விரிப்பு. ரேடியோவையும் ரிவியையும் நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் வையுங்கள். பத்து நிறப் பஸ்டலை ஒன்றாக வைத்தால் திகைப்பார், இரண்டு நிறம் வைத்தால் ஒன்றை எடுப்பார். "இது என்ன?" என்று கேட்காமல் "இந்தச் சிவப்பு வடிவாக இருக்கு" என்று சொல்லுங்கள். முடிந்ததும் தாளின் பின்பக்கம் திகதி போட்டு வையுங்கள், கிளினிக்குக்குக் கொண்டுபோகலாம்.

கவனம்: தூரிகை கழுவும் தண்ணீரைத் தேத்தண்ணிக் கோப்பையில் வைக்காதீர்கள். அம்மா எடுத்துக் குடித்துவிட்டார். நஞ்சில்லாத நீர்வர்ணம் என்பதால் தப்பினோம். பொத்தான், மணி, ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வேலை முடிந்தபின் எண்ணி எடுங்கள்.

பஸ்டல், தாள், பசை எல்லாம் சேர்த்து 2,000 ரூபாவுக்கு ஆறு மாதம் போனது. கிணற்று மூடியைத் தவிர்த்தால் இதுவரை சொன்ன வீட்டு மாற்றம் எல்லாம் 25,000 ரூபாவுக்குள் முடிந்தது. விலை கடைக்குக் கடை மாறும்.

8. படத்தை வைத்துக் கதை கட்டுங்கள்

அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்பவர் 1990களின் இறுதியில் தொடங்கிய டைம்ஸ்லிப்ஸ் முறை எளிமையானது. யாரென்று தெரியாத ஒரு வேடிக்கையான படத்தைக் காட்டி "இவ ஆரா இருக்கும்? எங்க போறா?" என்று கேட்பது. நினைவு தேவையில்லை, கற்பனை போதும். சொல்வதையெல்லாம் அப்படியே எழுதி, திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். பழைய கலண்டர் படம் ஒன்றில் குடையோடு நிற்கும் பெண்ணுக்கு அம்மா ஒரு கலியாணமே செய்து வைத்தார், சீதனப் பேச்சோடு.

9. தனியே செய்யாதீர்கள்

மருதனார்மடத்தில் யாழ் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் ஆற்றுகை, காட்சிக் கலைகள் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளை ஒன்று உங்கள் ஊரில் இருந்தால் கிழமைக்கு ஒருமுறை வந்து பாட அல்லது வரையக் கேட்டுப் பாருங்கள். நோயைப் பற்றி முதலே சொல்லுங்கள், போக்குவரத்துக் காசைக் கட்டாயம் கொடுங்கள். கொழும்பு மருதானையில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் இருக்கிறது, நோயாளிகளுக்கான செயற்பாட்டு நிலையம் நடத்துகிறார்கள், பராமரிப்பவர்களுக்கும் வழிகாட்டுகிறார்கள். உங்களால் தாங்க முடியாத இரவில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 க்கு அழையுங்கள். அழைப்பதில் வெட்கம் இல்லை, நானும் அழைத்திருக்கிறேன்.

10. ஆசுப்பத்திரிப் பை

என்றாவது ஒரு நாள் காய்ச்சலுக்கோ விழுந்தோ வாட்டில் வைக்க வேண்டி வரும். புது இடம், வெள்ளைச் சுவர், தெரியாத முகங்கள். எங்கள் அம்மா முதல் இரவு முழுக்கக் கத்தினார், ஊசிக் குழாயைப் பிடுங்கினார். இரண்டாம் நாள் துணித் துண்டுப் பையைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன், பிரித்து மடிக்கத் தொடங்கினார். ஒரு துணிப்பையில் இவற்றைப் போடுங்கள்: கிளினிக் கொப்பியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, மருந்துப் பட்டியல், நீலக் கோப்பை, அவருக்குப் பிடித்த இரண்டு படம், கை பழகிய பொருள், அவரை எப்படிக் கூப்பிட வேண்டும், எதற்குப் பயப்படுவார் என்று தாதிக்குப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்துக் கூப்பிட்ட அம்புலன்ஸ் படலைக்கு வரும்போது பொருட்களைத் தேட நேரம் இருக்காது. பையை இன்றே கட்டி, அவர் கையில் எட்டாத உயரத்தில் கதவுக்குப் பின்னால் கொழுவி வையுங்கள்.